ரைட்-இன் ஓட்டு: சீட்டில் இல்லாத பெயரை எழுதிப் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, முதல் மாநிலத் தேர்தலில் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆளுநர், மாநில செனட், மாநிலப் பிரதிநிதிகள் சபை, அப்புறம் அதே சீட்டில் வருகிற மேயர், பள்ளி வாரியம் வரைக்கும் இதில் சேரும். இதை எழுதுகிற நான் வக்கீல் இல்லை. சில தேர்தல்கள் வாக்களித்ததிலும், இந்த விஷயத்தில் ஒரு கிறுக்குப் பிடித்துப் பழைய வழக்குகளைப் படித்ததிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ரைட்-இன் என்றால் என்ன?

ஒவ்வொரு பதவிக்குக் கீழும் வேட்பாளர்களின் பெயர்கள் அச்சாகியிருக்கும், அந்த வரிசையின் கடைசியில் பெயர் ஏதும் இல்லாமல் வெறும் கோடு ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் மற்றவர்களுக்கு இருப்பது போலவே ஒரு முட்டை வடிவ வட்டம். அச்சான யாரும் வேண்டாம், வேறு ஒருவருக்குத்தான் என் ஓட்டு என்றால் அவர் பெயரை அந்தக் கோட்டில் எழுதலாம். அவ்வளவுதான். நான் முதல் தடவை அந்தக் கோட்டைப் பார்த்தபோது கையெழுத்துப் போடுகிற இடம் என்று நினைத்துப் பேனாவைக் கொண்டுபோய்விட்டேன், நல்ல வேளையாக மேலே இருந்த குறிப்பைப் படித்தேன். சிரிக்காதீர்கள், ஊரில் பட்டனை அழுத்திப் பழகியவனுக்கு இது புதுசு.

ஊரில் இல்லாத இந்த வழக்கம் இங்கே எப்படி வந்தது?

1888-க்கு முன்பு அமெரிக்காவில் பொதுவாக அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. கட்சிகளே தங்கள் ஆட்களின் பெயர்களைப் போட்டு, தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற நிறத்தில் சீட்டு அடித்துக் கொடுக்கும், வாக்காளர் அதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவார். பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதலாம், வீட்டிலேயே முழுச் சீட்டையும் எழுதிக்கொண்டும் வரலாம். யார் எந்த நிறச் சீட்டைப் போடுகிறார் என்று ஊரே பார்க்கும் என்பதால் மிரட்டலுக்கும் பணத்துக்கும் அது வசதியாக இருந்தது. 1888-இல் மாசசூசெட்ஸ் ஆஸ்திரேலியாவைப் பார்த்து, அரசே அச்சடிக்கும் ரகசிய வாக்குச்சீட்டு முறைக்கு மாறியது, மற்ற மாநிலங்களும் வேகமாகப் பின்னால் வந்தன. சரி, ரகசியம் கிடைத்தது, ஆனால் யார் பெயர் அச்சாக வேண்டும் என்று இப்போது அரசு முடிவு செய்கிறதே, முன்பு இருந்த சுதந்திரம் போய்விட்டதே என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் சீட்டின் அடியில் இருக்கிற அந்தக் கோடு.

எல்லா மாநிலத்திலும் இது உண்டா?

இல்லை. ஹவாய், நெவாடா, ஒக்லஹோமா, லூசியானா, சவுத் டகோட்டா ஆகிய மாநிலங்களில் ரைட்-இன் கிடையாது. அங்கே கோடே இருக்காது, நீங்களாக ஓரத்தில் எழுதினாலும் யாரும் எண்ணப் போவதில்லை.

இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் இல்லையா என்று கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஹொனலூலுவைச் சேர்ந்த ஆலன் பர்டிக். 1986-இல் அவருடைய தொகுதியில் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு ஒரே ஒருவர்தான் மனுப் போட்டிருந்தார். அந்த ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தவர் பெயரை எழுத விடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. 1992-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. சீட்டில் இடம் பிடிக்கப் போதுமான வழி ஏற்கெனவே இருக்கும்போது, ரைட்-இன்னைத் தடை செய்வது வாக்காளருக்குப் பெரிய சுமை இல்லை என்றார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. ஒரே வேட்பாளர் நிற்கிற தொகுதியில் அந்தக் கோடும் இல்லையென்றால் வாக்காளர் எதற்காகச் சாவடிக்குப் போவது? ஆனால் இன்றுவரை சட்டம் அதுதான்.

கலிஃபோர்னியாவில் கோடு இருக்கிறதே, நவம்பரில் எழுதலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2010-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட மாற்றத்தின்படி, ஆளுநர், சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு பிரைமரியில், அதாவது இறுதிப் போட்டிக்கு யார் யார் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்கிற தேர்தலில், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டுமே நவம்பர் மாத இறுதித் தேர்தலுக்குப் போவார்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. அந்தப் பதவிகளுக்கு நவம்பரில் எழுதுகிற பெயர் எண்ணப்படாது. பிரைமரியில் எழுதலாம். அங்கே அதற்கு நல்ல மதிப்பும் உண்டு, ஏனென்றால் எதிரே யாருமே மனுப் போடாத தொகுதியில் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு பெயரை எழுதினாலே அவர் இரண்டாவது இடம் பிடித்து நவம்பர் சீட்டில் அச்சாகிவிடுவார்.

டெக்சாஸும் வர்ஜீனியாவும் இதற்கு நேர் எதிர். மாநிலப் பதவிகளுக்கு அங்கே பிரைமரியில் எழுத முடியாது, நவம்பரில் முடியும். டெக்சாஸின் ஆஸ்டினிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வீடு மாறியவர்கள் பழைய நினைப்போடு போகாதீர்கள்.

யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாமா?

எழுதலாம். எண்ணுவார்களா என்பது வேறு கதை, உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதைத்தான்.

பல மாநிலங்களில் ரைட்-இன் வேட்பாளரும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தவர்களுக்கு விழுகிற ஓட்டு மட்டும்தான் கணக்கில் வரும். கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு 57 நாள் முன்பிலிருந்து 14 நாள் முன்பு வரை இதற்கான படிவமும் ஆதரவாளர் கையெழுத்துகளும் கொடுக்கலாம். மிச்சிகனில் தேர்தலுக்கு முந்தைய இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை 4 மணி கெடு. டெக்சாஸில் நவம்பர் தேர்தலுக்கு ஆகஸ்டிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். இந்த மாநிலங்களில் பதிவு செய்யாதவர் பெயரை எழுதினால் அந்தப் பதவிக்கு ஓட்டே போடாததற்குச் சமம். பென்சில்வேனியா, வர்ஜீனியா போன்ற இடங்களில் மாநில, உள்ளூர்ப் பதவிகளுக்கு முன்பதிவு தேவையில்லை, தகுதி உள்ள யாருக்கும் எழுதலாம்.

அதனால் எழுதப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை, உங்கள் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலக இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட ரைட்-இன் வேட்பாளர் பட்டியலைத் தேடுவது. கிடைக்காவிட்டால் போன் செய்து கேளுங்கள். தயங்க வேண்டாம், அதற்குத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயரை எழுதினால் மட்டும் போதுமா?

போதாது. பக்கத்தில் இருக்கிற வட்டத்தையும் கறுப்பாக நிரப்புங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

2004-இல் சான் டியேகோ மேயர் தேர்தல். டோனா ஃப்ரை என்ற நகரமன்ற உறுப்பினர் கடைசி நேரத்தில் ரைட்-இன் வேட்பாளராக இறங்கினார். எதிரே அப்போதைய மேயர் டிக் மர்ஃபி. எண்ணி முடித்தபோது மர்ஃபி 2,108 ஓட்டில் ஜெயித்தார். ஆனால் 5,500-க்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஃப்ரையின் பெயரைக் கையால் எழுதியிருந்தார்கள், வட்டத்தை நிரப்பவில்லை. அந்தச் சீட்டுகளைச் சேர்த்திருந்தால் ஃப்ரைதான் மேயர். வட்டம் நிரப்பாதது எண்ணப்படாது என்று மாநிலச் சட்டம் சொன்னது, நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. ஒரு மனிதர் கோட்டில் பெயரை முழுசாக எழுதிவிட்ட பிறகு, அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதில் என்ன சந்தேகம் இருக்க முடியும்? ஆனால் எந்திரம் பார்ப்பது வட்டத்தை. அது காலியாக இருந்தால் அந்தச் சீட்டை ஒதுக்கி வைத்து மனிதரிடம் காட்ட வேண்டும் என்றே எந்திரத்துக்குத் தெரியாது.

எல்லா மாநிலமும் இவ்வளவு கறாராக இருக்காது, சிலவற்றில் வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆனாலும் இரண்டு வினாடி வேலை, நிரப்பிவிட்டே வாருங்கள்.

எழுத்துப் பிழை வந்தால் ஓட்டு போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. இதற்கு எல்லோரும் சொல்கிற உதாரணம் அலாஸ்கா, 2010. செனட்டர் லிசா மர்கவுஸ்கி குடியரசுக் கட்சி பிரைமரியில் ஜோ மில்லரிடம் தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை, செப்டம்பரில் ரைட்-இன்னாக நிற்கிறேன் என்று அறிவித்தார். அது அமெரிக்க செனட் தேர்தல்தான், மாநிலப் பதவி இல்லை, ஆனால் நடத்தியதும் எண்ணியதும் தீர்ப்புச் சொன்னதும் அந்த மாநிலத்துச் சட்டப்படிதான்.

பிரச்சினை அவர் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கே அதை ஒழுங்காக எழுத வராது. அதனால் ஆதரவாளர்கள் அவர் பெயரும் நிரப்பிய வட்டமும் அச்சிட்ட ரப்பர் கைப்பட்டைகளை விநியோகித்தார்கள், அதைக் கையில் மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்து எழுத வேண்டியதுதான். பரீட்சைக்குப் பிட் எடுத்துப் போகிற மாதிரி, ஆனால் சட்டப்படி! எண்ணும்போது மில்லர் தரப்பு ஆட்கள் ஒவ்வொரு சீட்டையும் உற்றுப் பார்த்து, ஒரு எழுத்து மாறினாலும் ஆட்சேபம் போட்டார்கள். அப்படி ஆட்சேபம் வந்து, அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட சீட்டுகள் 8,000-க்கும் மேல். அவற்றை எல்லாம் தள்ளிவிட்டாலும் மர்கவுஸ்கிதான் முன்னால் இருந்தார். மில்லர் விடாமல் வழக்குப் போட்டார். எழுத்துப் பிழை ஓட்டைச் செல்லாததாக்காது, வாக்காளர் யாரை நினைத்தார் என்று தெரிந்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் சொன்னது. கடைசியில் மர்கவுஸ்கி 10,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பெயர்கள்தான் ஞாபகம் வரும். பாலசுப்பிரமணியன் என்று ஒருவர் ரைட்-இன்னாக நின்றால் கைப்பட்டை பத்தாது, ஒரு துண்டே அச்சடிக்க வேண்டும். நம் ஆட்கள் யாராவது நிற்பதாக இருந்தால், எந்தப் பெயரில் எல்லோரும் கூப்பிடுகிறார்களோ அதைப் படிவத்தில் எந்த அளவுக்குச் சேர்க்க முடியும் என்று முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் பட்டியலில் இருக்கிறபடியே, ஆங்கில எழுத்தில், முதல் பெயர் கடைசிப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். தமிழில் எழுத ஆசையாக இருக்கும். எண்ணுகிறவருக்குப் படிக்கத் தெரிய வேண்டுமே.

ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு பேர் நின்றால்?

நம்ம ஊரில் பெரிய வேட்பாளர் பெயரிலேயே நாலு சுயேச்சைகளை நிறுத்துகிற வேலையை இங்கேயும் பார்த்திருக்கிறார்கள். 2013-இல் டெட்ராய்ட் மேயர் பிரைமரிக்கு மைக் டகன் மனுப் போட்டார், ஆனால் அந்த நகரத்தில் வாக்காளராகப் பதிந்து ஓராண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே கொடுத்துவிட்டார் என்று நீதிமன்றம் அவர் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. அவசரப்பட்டு முதல் ஆளாகப் போய் நின்றதற்குக் கிடைத்த பரிசு! அவர் ரைட்-இன்னாக இறங்கியதும், மைக் டுஜன் என்று ஒரு முடிதிருத்துபவரும் ரைட்-இன்னாக இறங்கினார். ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் சில எழுத்துகள்தான் வித்தியாசம். அப்படியும் டகன் அந்த பிரைமரியில் முதலிடம் வந்தார், நவம்பரில் மேயரும் ஆனார். அதனால்தான் சொல்கிறேன், முழுப் பெயரையும் எழுதுங்கள், வெறும் “மைக்” என்று எழுதிவிட்டு வராதீர்கள்.

தொடுதிரை எந்திரத்தில் எப்படி? ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்ப் பயன்படுத்தலாமா?

தொடுதிரையில் ரைட்-இன் என்பதைத் தொட்டால் விசைப்பலகை வரும், தட்டச்சு செய்ய வேண்டியதுதான். முன்பு டெக்சாஸில் சில இடங்களில் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுக்கிற எந்திரம் இருந்தது. 2006-இல் அங்கே ஷெல்லி செகுலா-கிப்ஸ் என்பவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு ரைட்-இன்னாக நின்றார், அந்தப் பெயரைச் சக்கரத்தில் சுற்றி எழுதுவதை நினைத்துப் பாருங்கள். அதே நாளில், அதே இடத்தின் மிச்சமிருந்த சில வாரப் பதவிக்காலத்துக்கு நடந்த சிறப்புத் தேர்தலில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. அதில் ஜெயித்தார், எழுத வேண்டியதில் தோற்றார்.

ஸ்டாம்ப் நியூயார்க்கில் செல்லும். 2021-இல் பஃபலோ மேயர் பைரன் பிரவுன் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் இந்தியா வால்டனிடம் தோற்றுவிட்டு, நவம்பரில் ரைட்-இன்னாக நின்று, தன் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்புகளை வாக்காளர்களுக்குக் கொடுத்து ஜெயித்தார். ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். ஸ்கேனரில் ஒட்டிக்கொண்டு எந்திரம் நின்றுவிடும் என்பதால் பல இடங்களில் தடை.

அச்சான பெயரையும் நிரப்பிவிட்டேன், கீழேயும் எழுதிவிட்டேன், என்ன ஆகும்?

ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பதவியில் இரண்டு பேருக்குப் போட்டதாகக் கணக்காகும், அந்தப் பதவிக்கான ஓட்டு செல்லாது. மற்ற பதவிகளுக்குப் போட்டது பொதுவாகச் செல்லும். அடித்துத் திருத்தாதீர்கள், சாவடியில் இருந்தால் வேறு சீட்டுக் கேளுங்கள், கொடுப்பார்கள். பள்ளி வாரியம் போல மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடத்தில் இரண்டு பேரை நிரப்பி ஒருவரை எழுதலாம்.

மிக்கி மவுஸ் என்று எழுதினால்?

ஒவ்வொரு தேர்தலிலும் யாரோ எழுதத்தான் செய்கிறார்கள். முதல் இரவில் பெரும்பாலும் “ரைட்-இன் மொத்தம்” என்று ஒரே எண்தான் வரும், அந்த எண் முடிவை மாற்றாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் சில மாநிலங்களில் யார் யார் பெயர் என்று பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். கோபத்தைக் காட்ட வேண்டும் என்றால் அந்த வரியைக் காலியாக விட்டாலும் அதே பலன்தான், எண்ணுகிறவருக்கு வேலையாவது மிச்சம்.

நம்ம ஊர் நோட்டா மாதிரியா?

கிட்டத்தட்ட எதிர்மாறு. நோட்டா என்பது யாரும் வேண்டாம் என்பது, ரைட்-இன் என்பது இவர் வேண்டும் என்பது. நோட்டாவுக்கு நிஜமான சொந்தக்காரன் நெவாடா. ரைட்-இன்னைத் தடை செய்த அதே மாநிலத்தில், மாநிலம் முழுவதற்குமான பதவிகளுக்கு “இவர்களில் யாரும் இல்லை” என்ற வரி 1970-களிலிருந்து சீட்டில் இருக்கிறது. 2014-இல் ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி பிரைமரியில் அந்த வரிதான் முதலிடம் வந்தது. இரண்டாவதாக வந்த மனிதருக்கு வேட்பாளர் வாய்ப்புப் போனது. நம் நோட்டாவும் அப்படித்தானே, எத்தனை ஓட்டு வாங்கினாலும் அடுத்து இருப்பவர் ஜெயிப்பார்.

மாநிலத் தேர்தலில் யாராவது இப்படி ஜெயித்திருக்கிறார்களா?

ஜெயித்திருக்கிறார்கள், அதில் ஒரு கதை மறக்க முடியாதது. டென்னசி, 1998. மாநில செனட்டர் டாமி பர்க்ஸ், விவசாயி, மறுபடி போட்டியிட்டார். எதிர் வேட்பாளர் பைரன் லூப்பர், தன் நடுப்பெயரையே சட்டப்படி “குறைந்த வரி” என்று மாற்றிக்கொண்ட ஆள். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அக்டோபர் 19 அன்று, பர்க்ஸ் தன் பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதானவர் லூப்பர்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். தேர்தலுக்கு 30 நாளுக்குள் இறந்த வேட்பாளரின் பெயரைச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும், கட்சி வேறு ஆளைப் போடவும் முடியாது. ஆக, சீட்டில் மிச்சமிருந்த ஒரே பெயர், கொலைக் குற்றச்சாட்டில் சிறையில் இருக்கிறவருடையது. பர்க்ஸின் மனைவி சார்லட் ரைட்-இன்னாக நின்றார். இரண்டு வாரம்தான் நேரம், துக்க வீடு வேறு. அவருக்கு 30,252 ஓட்டு, லூப்பருக்கு 1,531. அவ்வளவு பேரும் பெயரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். சார்லட் பர்க்ஸ் அதன் பிறகும் பல தேர்தல்களில் ஜெயித்து அந்த இடத்தில் நீடித்தார். லூப்பருக்கு 2000-இல் ஆயுள் தண்டனை விழுந்தது, 2013-இல் சிறையிலேயே இறந்தார்.

இந்தக் கோடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தத் தேர்தலைத்தான். ஹவாய் மாதிரி சட்டம் டென்னசியில் இருந்திருந்தால் அந்தத் தொகுதி மக்கள் என்ன செய்திருப்பார்கள்?

கிரீன் கார்டு வைத்திருக்கிறேன், நானும் எழுதலாமா?

கூடாது. மாநிலத் தேர்தலில் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் வாக்களிக்க முடியும். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது வாக்காளராகச் சேர்க்கட்டுமா என்று கேட்டாலும் “வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். தெரியாமல் போட்டேன் என்று பின்னால் சொன்னாலும் நாடு கடத்தல் வரை போகும்.

தபால் ஓட்டிலும் எழுதலாமா?

தாராளமாக. ஒரே ஒரு கவனம், கையெழுத்து உறையில்தான், சீட்டில் உங்கள் பெயரோ இனிஷியலோ வரக்கூடாது. தபால் சீட்டில் எழுதுவதுதான் எனக்கு வசதி என்று தோன்றும், பட்டியலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, காபி குடித்துக்கொண்டே நிதானமாக எழுதலாம்.

என் பெயரையே எழுதிக்கொள்ளலாமா?

தகுதியும், தேவைப்படும் இடத்தில் பதிவும் இருந்தால் தடையில்லை. ஆனால் விளையாட்டுக்குச் செய்கிறவர்கள் பென்சில்வேனியாவில் கொஞ்சம் யோசியுங்கள். அங்கே ஒவ்வொரு வாக்குச்சாவடியையும் நடத்துகிற தேர்தல் நீதிபதி, தேர்தல் ஆய்வாளர் பதவிகளுக்கும் தேர்தல் உண்டு. பல இடங்களில் ஒருவரும் மனுப் போடுவதில்லை, அதனால் கையால் எழுதிய ஒற்றை இலக்க ஓட்டிலேயே ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நீங்களும் வீட்டுக்காரரும் எழுதியது போதுமானதாகிவிட்டால், சில வாரம் கழித்து கவுன்டியிலிருந்து கடிதம் வரும். வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் தேர்தல் நாளில் சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும், அதற்கு முன்பே போய்க் கதவைத் திறந்து மேசை போட்டு எந்திரத்தை ஓட வைக்க வேண்டியது நீங்கள்தான்.